ஒன்றுக்கு அடுத்தது பத்து

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அந்த மனிதரை எனக்குப் பிடித்ததில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று போன மாதம் கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. வருத்தம் வராததைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். "அவர்" என்று மரியாதையாக எழுதுவதுகூடப் பழக்கத்தால்தான். அவர் பெயர் எனக்குத் தெரியும்; எழுதப்போவதில்லை. என் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

என்னை "மலை" என்று கூப்பிடுவார். "இன்னா மலை, பஸ்சு கெடச்சுதா?" கல்வராயன் மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும் அவருக்கு மலைதான். தன் கம்ப்யூட்டரில் எனக்காக வைத்திருந்த ஃபோல்டருக்கு "மலை 3" என்று பேர். ஒன்றும் இரண்டும் யார் என்று எனக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பட்டப்படிப்பு முடித்தவள் நான். அதை அவரிடம் சொல்ல ஒருமுறை வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் "மலை பி.எஸ்சி." என்று ஃபோல்டரின் பேரை மாற்றியிருப்பார், அவ்வளவுதான்.

கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். எதையும் அளக்க அல்ல, காட்டுவதற்கு. கடைக்குள் காத்திருப்பவர்களை அந்த ஸ்கேலால் இடம் மாற்றி உட்காரவைப்பார். மின்விசிறிக்கு நேரே இருந்த நாற்காலி, அதற்கடுத்த நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு, அதற்கப்புறம் வாசற்படி. யார் எங்கே என்பது அவர் முடிவு. முன்னால் வந்தவர் முன்னால் என்ற கணக்கே அங்கே கிடையாது. பட்டா நகல் எடுக்க வந்து நெடுநேரமாக உட்கார்ந்திருக்கும் கிழவரை ஸ்கேலால் தட்டாத குறையாக நகர்த்திவிட்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்த கரும்புத் தோட்டக்காரரை உட்காரவைப்பார். கிழவர் ஏதாவது முனகினால், "வரிசைன்னு ஒண்ணு இருக்குதுல்ல பெரியவரே?" என்பார். அதுதான் எனக்குப் புரியாத விஷயம். வரிசையை உடைப்பவரும் அவர், வரிசை என்று சொல்பவரும் அவர்.

கடைக்கு வெளியேயும் இப்படித்தான். கோமுகி அணைப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் வந்து நின்றால் சாலையைத் தாண்டிப்போய் ஸ்கேலை நீட்டிக்கொண்டு நிற்பார். "நீ ஏறு. நீ இரு. அந்தம்மா ஏறட்டும்." நடத்துநரே ஒன்றும் சொல்லமாட்டார். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று யாருடைய சொம்பு முதலில் நிரம்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. யாரும் போகவும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் டோரன்ட் மென்பொருள் கிடைத்தால் என்ன ஆகும்?

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கும் அப்போது தெரியாது. பெரிய பெரிய ஃபைல்களை அதில் இறக்கலாம். ஒரே இடத்திலிருந்து முழுசாக வராது. எங்கெங்கோ இருப்பவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து துண்டு துண்டாக வரும். ஒரே கட்டாக நிறைய ஃபைல்கள் இருந்தால், சும்மா விட்டால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வந்து நிற்கும். ஒன்றும் திறக்காது. அதனால் எது முதலில் வரவேண்டும் என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹை, நார்மல், லோ என்று வைக்கலாம். வேண்டாம் என்றால் ஸ்கிப்.

இந்த நான்கு சொற்களும் அவருக்காகவே உண்டானவை மாதிரி இருக்கும். மனிதர்களுக்கும் அவற்றையே சொல்வார். பக்கத்துத் தெருவில் குடியிருந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தால் எழுந்து நிற்பார். "சார் எப்பவுமே ஹைதான்!" பழைய நாடகங்களை இறக்கித் தரச்சொல்லி சார் அடிக்கடி வருவார். பக்கத்துத் தையல்கடை அக்கா நார்மல். பகல் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் தன் மனைவியிடம், திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "இரு, உன்ன லோல வெச்சிருக்கேன்" என்பார். கடையே சிரிக்கும். அந்த அம்மாவும் சிரிப்பார். சட்டியின் கைப்பிடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சிரிப்பார்.

நான் அங்கே போனது என் மகளுக்காக. பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்பது ஒன்றரை வயதில்தான் உறுதியானது. முகாமில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி கொடுத்தார்கள். மாட்டியதும் கேட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, சத்தம் என்றால் என்ன என்பதையே அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டியது அம்மாதான் என்றார்கள். மூன்று வயதுக்குள் பிடித்துவிட வேண்டும், அதற்கப்புறம் நாளுக்கு நாள் கடினம் என்றும் சொன்னார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை.

மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சியாளர் அம்மா வருவார். அம்மாக்களுக்கான வீடியோ பாடங்கள் இருக்கின்றன, யாரோ நல்லவர்கள் சேர்ந்து தமிழில் எடுத்து இலவசமாக டோரன்ட்டில் போட்டிருக்கிறார்கள் என்று போனில் லிங்க் அனுப்பினார். "ஒவ்வொண்ணா பண்ணுங்கம்மா. வரிசை மாறக்கூடாது" என்றார். எங்கள் ஊரில் சிக்னல் ஒரு பாறை மேல் ஏறினால் கிடைக்கும். அதில் போன் பேசலாம், வீடியோ இறக்க முடியாது. மலையடிவாரத்தில் கேபிள் இணைப்பு இருந்த கடை அவருடையதுதான்.

முதல் நாள் என்னிடம் அன்பாகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். லிங்க்கைப் போட்டார். ஃபைல்கள் நீளமாக வரிசையில் வந்தன. "அம்பது பாடமா? குடுக்கற ஆளு கம்மி. மெதுவாத்தான் வரும். நான் மேலேர்ந்து கீழ வரிசையா வெச்சிடறேன். வந்த வரைக்கும் வாரா வாரம் வந்து வாங்கிக்கினு போ."

அடுத்த வாரம் போனேன். போனை வாங்கி இரண்டு பாடங்களைப் போட்டுக் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒன்றாம் பாடமும் பத்தாம் பாடமும். இரண்டைக் காணோம். அடுத்த வாரம் பதினொன்றும் பன்னிரண்டும்.

"அண்ணா, ஒண்ணுக்கு அப்புறம் பத்து குடுத்திருக்கீங்க. ரெண்டாவது வரலையா?"

"வரிசைல இருக்குது. வரும்."

"ரெண்டுதானேண்ணா மொதல்ல வரணும்?"

ஸ்கேலால் திரையைக் காட்டினார். "இங்க பாரு. ஒண்ணு. அதுக்குக் கீழ இன்னா? பத்து. அதுக்குக் கீழ பதினொண்ணு. மிசினு போட்ட வரிசை இது. நீ மிசினுக்கு மேல படிச்சிருக்கியா?"

திரையில் அப்படித்தான் இருந்தது. பத்தொன்பதுக்குக் கீழேதான் இரண்டு. கம்ப்யூட்டர் எண்ணை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து, ஒன்றில் தொடங்குவதையெல்லாம் முதலில் அடுக்கியிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"நடுவுல இருக்கறத மட்டும் எடுக்க முடியாதாண்ணா?"

"எடுத்தா மொத்தமும் கெட்டுப்பூடும். அப்பறம் திரும்ப ஒண்ணுலேர்ந்து எறக்கணும். பரவால்லயா?"

இது பொய். அப்போது எனக்குத் தெரியாது. பரவாயில்லை என்று சொல்லும் துணிச்சலும் இல்லை.

பத்தாம் பாடம், பொருளின் பேரைச் சொல்லி எடுத்துவரச் சொல்வது. வேறு வழி தெரியாமல் அதைச் செய்தேன். பந்து எடு, பாப்பா. தட்டு எடு. பந்து, பந்து, பந்து. காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. பாப்பா என் வாயைப் பார்ப்பாள், பிறகு கோழியைப் பார்க்கப் போய்விடுவாள். கருவி வேலை செய்யவில்லையோ என்று பேட்டரியை மாற்றினேன். நான் சரியாக மாட்டவில்லையோ என்று கழற்றி மாட்டினேன். என் உச்சரிப்பு சரியில்லையோ? படித்த பெண் என்று பேரெடுத்தவள், ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்யத் தெரியவில்லையே?

என் வீட்டுக்காரர் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுபவர். அவரிடம் ஒருநாள் அழுதேன். "அவன் ஸ்கேலப் புடுங்கி ரெண்டு போடு போடட்டா?" என்று கேட்டார். அப்புறம் பாடங்களே கிடைக்காது என்று நான்தான் தடுத்தேன். அந்த மனிதரின் மனம் கோணாமல் இருக்கவேண்டும் என்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. போகும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே போவேன். வாசற்படியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். ஒரு புதுப் படம் வந்த வாரத்தில், "உன்னுத நிறுத்தி வெச்சிருக்கேன், எல்லாரும் படம் கேக்கறாங்க" என்றார். அதற்கும் சரிங்கண்ணா என்றேன். எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்வர முக்கால் நாள் ஆகிவிடும். வெறும் போனோடு திரும்பினேன்.

நியாயமாக எழுத வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பெருமழை. பேருந்து வரவில்லை. பாப்பா பசியில் கத்திக்கொண்டிருந்தாள். கடையில் நிறைய பேர் ஒதுங்கியிருந்தார்கள். அவர் எழுந்து தன்னுடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார். குடை பிடித்துக்கொண்டு போய்ப் பால் வாங்கிவந்தார். ஆற்றித் தன் கையாலேயே கொடுத்தார். பீடி பற்றவைத்த ஒருவரை, "கொயந்த இருக்குது, வெளிய போய்யா" என்று விரட்டினார். நான் நன்றி சொன்னேன், மனதார. பேருந்தில் வரும்போது குழம்பினேன். நல்லவர்தானோ? நான்தான் தப்பாக நினைக்கிறேனோ? அடுத்த வாரம் போனபோது மறுபடி வாசற்படி. அப்போது புரிந்தது. மழையன்று பாப்பாவை மேலே வைத்தவரும் அவர்தான், இன்று கீழே வைப்பவரும் அவர்தான். அவருக்குப் பால் முக்கியமில்லை. வைப்பதுதான் முக்கியம்.

அந்த மாதம் பயிற்சியாளர் அம்மா நான் பாப்பாவோடு பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"மூச்சே வுடாம பேசறீங்களேம்மா. ரெண்டாம் பாடம் பண்ணலயா?"

"இன்னும் கெடைக்கலைங்க மேடம்."

"அதான்மா அஸ்திவாரம். அது இல்லாம பத்துக்குப் போனா எப்படி?"

நான் வரிசையைப் பற்றிச் சொன்னேன். மிஷின் போட்ட வரிசை, நடுவில் எடுத்தால் கெட்டுவிடும் என்பதையெல்லாம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்ததா கோபம் இருந்ததா என்று இன்றும் யோசிப்பேன். "ஒண்ணும் கெடாது. அந்த ஃபைல்மேல ரைட் கிளிக் பண்ணி ஹை வெச்சா அது மொதல்ல வரப்போகுது. எங்கிட்ட வீடியோ இருந்தா இப்பவே குடுத்துடுவேன், என் போன்ல இடமில்லாம அழிச்சிட்டேன். போய்க் கேளுங்க. தைரியமா கேளுங்க."

திரும்பும் வழியில் கச்சிராயபாளையத்தில் இறங்கினேன். கேட்டேன். தைரியமாகக் கேட்டேனா என்று தெரியவில்லை, ஆனால் கேட்டேன்.

"யாரு சொன்னது?"

"டீச்சர் மேடம்."

"அப்ப மேடம் கிட்டயே எறக்கிக்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது டவுன் பஸ் வந்தது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய்விட்டார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸைப் பிடித்தேன். "ஏ, ஏ, இன்னா பண்ற?" என்று யாரோ கேட்டார்கள். ஏதோ நகல் எடுக்க வந்து உள்ளே நின்றிருந்த தையல்கடை அக்கா, "நீ பண்ணு புள்ள. அவன் வந்தா நான் பேசிக்கறேன்" என்றார்.

இரண்டாம் பாடத்தின் மேல் ரைட் கிளிக் செய்தேன். ஹை. மற்றதெல்லாம் ஸ்கிப். கோடு நகர ஆரம்பித்தது. இத்தனை சுலபமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் திரும்பி வந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்கேலை மேசைமேல் வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாகக் குனிந்து மவுஸை எடுத்து, இரண்டாம் பாடத்தின் மேல் வைத்து, ஸ்கிப் என்பதை அழுத்தினார். கோடு நின்றது.

"எந்திரி."

எழுந்தேன். ஆனால் போகவில்லை. மேசைப் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏன்டா இப்படி பண்ற? காது கேக்காத கொயந்தைக்குடா அது" என்றார் அக்கா.

"நீ சும்மா இருக்கா. நாளைக்கு நீ வந்து ஒக்காருவ, நாளன்னிக்கு இன்னொருத்தி வந்து ஒக்காருவா. கடையா இன்னா இது?" என்னைப் பார்த்தார். "மலைக்குப் பஸ்சு போயிடும்."

"போகட்டும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் வேறு வேலையைப் பார்த்தார். யாருக்கோ ஆதார் நகல் எடுத்தார். எங்கள் பேருந்து வந்து நின்று போனது. பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. அப்போதுதான் தலைமையாசிரியர் சார் உள்ளே வந்தார். அவருக்கு நாற்காலி காலியானது. உட்காராமல் என்னைப் பார்த்தார்.

"ஏன்ம்மா அழற?"

சொன்னேன். ஒரு வாக்கியம்தான் சொல்லியிருப்பேன்.

"அதப் போட்டுக் குடுப்பா மொதல்ல" என்றார் சார், என்னிடமிருந்து முகத்தைத் திருப்பாமலேயே.

"தோ, ஆச்சுங்க சார்." அவர் மவுஸைத் தொட்டார். கோடு நகர்ந்தது. இத்தனை வாரம் நான் கேட்டுக் கிடைக்காதது, அக்கா கேட்டும் கிடைக்காதது, அங்கே வந்து நின்ற ஒரு மனிதரின் அரை வாக்கியத்தில் கிடைத்தது. போனை என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. சாருக்கு ஒரு வேலையைச் செய்துகொடுத்த திருப்திதான் இருந்தது. அந்த முகத்தைத்தான் நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியோடு வந்து எங்களைக் கூட்டிப்போகும்போது இருட்டிவிட்டது.

இரண்டாம் பாடம் சின்னதுதான். அதில் ஒரு அம்மா தட்டில் ஒரு முறை தட்டுகிறாள். பிறகு பேசாமல் இருக்கிறாள். குழந்தை தானாகத் தேடும் வரை காத்திருக்கிறாள். காத்திருந்துவிட்டு மறுபடி ஒரு முறை தட்டுகிறாள். அவ்வளவே பாடம். சத்தத்துக்கு அப்புறம் சத்தமில்லாமல் இருந்தால்தான் அது சத்தம் என்று குழந்தைக்குத் தெரியும். நான் வாரக்கணக்கில் இடைவெளியே விடாமல் பேசி அவளை மூழ்கடித்திருக்கிறேன்.

வீட்டில் அப்படிச் செய்தபோது பாப்பா தட்டின் சத்தத்துக்குத் திரும்பினாள். பிறகு கதவுத் தாழ்ப்பாளுக்கு. குரலுக்கு மட்டும் இல்லை. எந்தக் குரலுக்கு முதலில் திரும்புவாள் என்று நான் மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். முதலில் என்னுடையது, அப்புறம் அவள் அப்பாவுடையது. என் வாய் தெரியாதபடி அவள் பின்னால் நின்று, ஒரு முறை கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். திரும்பமாட்டாள்.

மிச்சப் பாடங்களை வாங்க மறுபடி கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில், சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கடைக்கு முன்னால் யாரோ குறுக்கே பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளேயிருந்து அவர் கத்தினார்.

"யாருய்யா வண்டி அது? எட்த்துகினு போய்யா!"

பாப்பாவின் தலை திரும்பியது. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் தோளைத் தாண்டிக் கடைக்குள் பார்த்தாள். புருவம் சுருங்கியிருந்தது. கண்கள் தேடின. அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அவர் முகத்தில் போய் நின்றன. அவர் கவனிக்கவில்லை, ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அவளை முத்தமிடத் தோன்றியது. பெயர் சொல்லிக் கூப்பிடத் தோன்றியது. இரண்டும் கூடாது என்று தெரியும். அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் மறுபடி வருமா என்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் இன்னொரு முறை கத்தவேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.